இழந்துபோன விசுவாசம் திரும்பக் கிடைக்குமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பைபிள் ஸ்டடி முடிஞ்சு எல்லாரும் செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்பினதுக்கு அப்புறம் யாராவது ஒருத்தர் மட்டும் வாசல்ல தயங்கி நிப்பாங்க, "அக்கா, ஒரு நிமிஷம்"னு. அந்த ஒரு நிமிஷத்துல வந்த கேள்விங்கதான் கீழ இருக்கிற எல்லாம். வருஷக்கணக்கா ஒரே கேள்விய வேற வேற ஆளுங்க வேற வேற வார்த்தையில கேக்குறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. நான் இறையியல் கல்லூரில படிச்சவ கிடையாது, சண்டே ஸ்கூல் டீச்சர், நடுவுல ஏழு வருஷம் ஜெபமே பண்ணாம இருந்தவ. அந்த ரெண்டும்தான் எனக்கு இருக்கிற தகுதி.

"நான் பின்வாங்கிப்போயிட்டேன்"னு சொல்றோமே, அப்படின்னா சரியா என்ன?

நம்ம சபைகள்ல இந்த ஒரு வார்த்தைய எல்லாத்துக்கும் போட்டுடுறாங்க, அதுலயே பாதி குழப்பம் வருது. தெரிஞ்சே ஒரு பாவத்துக்குள்ள போய் அதுலயே தங்கிட்டவங்க இருக்காங்க. துக்கத்துல உடைஞ்சுபோனவங்க இருக்காங்க. எந்த தப்பும் பண்ணாம மெதுவா வத்திப்போனவங்க இருக்காங்க, வெயில் காலத்து கிணறு மாதிரி, என்னைக்கு தண்ணி இறங்குச்சுன்னே தெரியாது. சபையில யாரோ ஒருத்தர் பண்ணின காரியத்தால வெளிய வந்தவங்களும் இருக்காங்க. இந்த நாலு பேருக்கும் ஒரே பிரசங்கத்த பண்ணி "மனந்திரும்பு"ன்னு மட்டும் சொன்னா மூணு பேருக்கு அது தப்பான மருந்து.

என் கதைய சொல்றேன். அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியாம போனப்ப வீட்ல 21 நாள் உபவாச ஜெபம் இருந்தோம், நான் முழு நிச்சயமா நம்பினேன் அப்பா எழுந்திருச்சுடுவாங்கன்னு. 19ஆவது நாள் இறந்துட்டாங்க. அடக்கத்துக்கு வந்த ஒருத்தங்க, ஜெபக்குழுவுல நல்லா தெரிஞ்சவங்க, என் கைய பிடிச்சுக்கிட்டு "வீட்ல யாருக்கோ விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அன்னையிலருந்து ஜெபிக்க உக்காந்தா வாய் வராது. சர்ச்சுக்கு போறத நிறுத்தல, நிறுத்தினா அம்மா அழுவாங்க, அதனால உடம்ப மட்டும் கொண்டு போய் பெஞ்சுல வச்சுட்டு வருவேன். இத பின்மாற்றம்னு சொல்வீங்களா வேற என்ன சொல்வீங்கன்னு எனக்கு இப்பவும் ஒரே வார்த்தையில சொல்ல தெரியல. ஆனா இழப்புன்னு நிச்சயமா சொல்வேன், அப்பாவையும் இழந்தேன், அப்பாவுக்காக யார்கிட்ட அழணுமோ அவரையும் இழந்த மாதிரி இருந்துச்சு.

திரும்பி வந்தா கர்த்தர் ஏத்துக்குவாரா? நான் பண்ணினது அப்படிப்பட்ட காரியம்.

இதுக்கு ஆளுக்காளு கெட்ட குமாரன் கதைய சொல்லுவாங்க, சொத்த வாங்கிட்டுப் போய் அழிச்சுட்டு அப்பாகிட்ட திரும்பி வந்த பையன் கதை, அது லூக்கா 15ல இருக்கு, நல்ல கதை, நீங்களும் நூறு தடவ கேட்டிருப்பீங்க. நான் இயேசுவோட சீஷர் பேதுருவ பத்தி சொல்றேன், ஏன்னா கெட்ட குமாரன் அப்பாவ "தெரியாது"ன்னு சொல்லல, பேதுரு இயேசுவ தெரியாதுன்னே மறுதலிச்சாரு. அதுவும் மூணு தடவ, அதுல முதல் தடவ வாசல் காக்கிற ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கு.

யோவான் 18ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்த பாருங்க. குளிருக்கு முற்றத்துல கரிநெருப்பு போட்டிருக்காங்க, பேதுருவும் அங்க நின்னு குளிர்காயுறாரு. அந்த நெருப்பு பக்கத்துலதான் மறுதலிக்கிறாரு. இப்ப 21ஆம் அதிகாரத்துக்கு வாங்க. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடல் கரையில நிக்கிறாரு, சீஷர்கள் ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கிடைக்காம வர்றாங்க, அவர் சொன்ன பக்கம் போட்டதும் 153 பெரிய மீன். கரைக்கு வந்து பாத்தா அங்கயும் கரிநெருப்பு போட்டிருக்கு. புதிய ஏற்பாட்டோட கிரேக்க மூலத்துல கரிநெருப்புக்கான அந்த வார்த்தை மொத்தமே இந்த ரெண்டு இடத்துலதான் வருது. எனக்கு இது முதல் தடவ தெரிஞ்சப்ப அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வேற ஒண்ணும் ஓடல. வாசனைக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு நமக்கு தெரியும்ல, ஒரு ஊதுபத்தி வாசம் வந்தா எந்த வீட்டு துக்கமோ ஞாபகத்துக்கு வருது. அப்ப பேதுருவுக்கு அந்த கரிப்புகை மூக்குல ஏறினப்ப எப்படி இருந்திருக்கும்?

ஆண்டவர் அந்த இடத்த சுத்தி வளைச்சு தாண்டி போகல, அதே மாதிரி ஒரு நெருப்ப அவரே மூட்டி வச்சு அதுக்கு பக்கத்துல பேதுருவ உக்கார வைக்கிறாரு. ஆனா முதல்ல கேள்வி கேக்கல. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"னு சொல்றாரு. ராத்திரி பூரா வேலை பாத்து நனைஞ்சு வந்தவனுக்கு முதல்ல மீனும் அப்பமும். சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா"ன்னு கேக்குறாரு, மூணு மறுதலிப்புக்கு மூணு கேள்வி, மூணாவது தடவ பேதுருவுக்கு துக்கமே வந்துடுது. காயத்த மூடி போட்டு சரியாப்போச்சுன்னு சொல்லல, அதே சமயம் பட்டினியா வச்சும் கேக்கல.

இன்னொன்னும் சொல்லணும். இதுக்கெல்லாம் முன்னாடியே, மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்"னு ஆண்டவர் சொல்லியிருக்காரு, லூக்கா 22ல. விழப்போறான்னு தெரிஞ்சே ஜெபிச்சிருக்காரு. அப்புறம் லூக்கா 24:34, உயிர்த்தெழுந்த அன்னைக்கே சீமோனுக்கு தனியா தரிசனமானாருன்னு ஒரே ஒரு வரி வருது. அங்க என்ன பேசினாங்கன்னு நாலு சுவிசேஷத்துலயும் எங்கயும் கிடையாது. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல நடக்கிற முதல் பேச்ச யாருக்கும் சாட்சியா சொல்லணும்னு கட்டாயம் இல்லன்னு நான் அத எடுத்துக்கிறேன்.

பழைய சந்தோஷம் திரும்ப வருமா? யூத் கேம்ப்ல அழுது ஜெபிச்சதெல்லாம் இப்ப யாரோ வேற ஆள் மாதிரி இருக்கு.

வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் அதே உருவத்துல வராது. தாவீது சங்கீதம் 51ல "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து"ன்னு கேக்குறாரு, அதனால கேக்குறது தப்பே இல்ல, தாராளமா கேளுங்க. ஆனா எஸ்றா 3ஆம் அதிகாரத்தயும் கூட வாசிங்க. பாபிலோன்லருந்து திரும்பி வந்தவங்க எருசலேம்ல ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுறாங்க. சின்னவங்க சந்தோஷத்துல ஆர்ப்பரிக்கிறாங்க, பழைய ஆலயத்த கண்ணால பாத்த வயசானவங்க சத்தமா அழறாங்க, எது அழுகை எது சந்தோஷம்னு பிரிச்சு கேக்க முடியல, அவ்வளவு சத்தம்.

திரும்பி வர்றவங்க வாழ்க்கை அப்படித்தான் இருக்கும். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு சத்தமும் கேக்கும். 17 வயசுல எனக்கு இருந்த பக்தி எனக்கு திரும்ப கிடைக்கல. அந்த வயசுல "அவர் பார்த்துக்குவார்"னு சொல்றது சுலபம், ஏன்னா அதுவரைக்கும் எதுவும் என்கிட்டருந்து போகல. இப்ப அதே வார்த்தைய சொல்லும்போது தொண்டையில ஏதோ நிக்குது, ஆனா நிஜமா சொல்றேன். பழச தேடிக்கிட்டே இருந்தா கையில இருக்கிற புதுசு தெரியாமயே போயிடும், நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் வீணாக்கினேன், ஒவ்வொரு ஆராதனையிலயும் "அந்த ஃபீலிங் வருதா வருதா"ன்னு என்னையே செக் பண்ணிக்கிட்டு.

வீணாப்போன வருஷங்கள என்ன பண்றது? பத்து வருஷம் போச்சு, அது திரும்ப வராதுல்ல?

வருஷம் திரும்ப வராது. யோவேல் 2:25 நம்ம வீடுகள்ல வாக்குத்தத்த அட்டையா தொங்குற வசனம், வாட்ச் நைட் சர்வீஸ்ல, அதாவது புத்தாண்டு பொறக்குற ராத்திரி ஆராதனையில, யாருக்காவது ஒருத்தருக்கு கண்டிப்பா வரும். ஆனா அந்த வசனத்த முழுசா வாசிக்கிறவங்க கம்மி. வெட்டுக்கிளியும் பச்சைக்கிளியும் முசுக்கட்டைப்பூச்சியும் பச்சைப்புழுவும் "பட்சித்த வருஷங்களின் விளைவை" திரும்ப தருவேன்னு இருக்கு, நம்ம தமிழ் வேதாகமத்துல அந்த "விளைவை" ரொம்ப அழகா விழுந்திருக்கு. வருஷம் போனது போனதுதான், அந்த வருஷத்துல கிடைச்சிருக்க வேண்டிய விளைச்சல ஈடுகட்டுவேங்கிறாரு.

இத சும்மா ஆறுதல் பேச்சுன்னு நினைக்காதீங்க. எபிரெயுல அங்க வர்ற வினைச்சொல் "ஷாலோம்" வர்ற அதே வேர்லருந்து வர்றது, யாத்திராகமம் 22ல ஒருத்தன் மாட்டையோ ஆட்டையோ திருடினா பறிகொடுத்தவனுக்கு ஈடு கட்டணும்னு சொல்ற சட்டத்துலயும் அதே வினைதான். கடன அடைக்கிற வார்த்தை. நமக்கு அவர் ஒண்ணும் கடன்பட்டவர் இல்ல, இருந்தாலும் கடன்பட்டவன் பேசுற பாஷையில பேசுறாரு, அத நினைச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்குது.

வெட்டுக்கிளி என்ன பண்ணும்னு நமக்கு அவ்வளவா தெரியாது. 1915ல பாலஸ்தீனாவுல மார்ச்லருந்து அக்டோபர் வரைக்கும் பெரிய வெட்டுக்கிளி படையெடுப்பு வந்துச்சு, முதல் உலகப்போர் நடுவுல, எருசலேம்ல இருந்த அமெரிக்கன் காலனி போட்டோகிராஃபர்கள் எடுத்த படங்கள் இன்னைக்கும் இருக்கு. ஒரே அத்திமரத்த முன்னாடி ஒரு படம், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு படம். ரெண்டாவது படத்துல இலையே இல்ல, வெறும் குச்சி. யோவேல் 1:7ல அத்திமரத்த உரிச்சு அதோட கிளைங்க வெள்ளையாப் போச்சுன்னு வருது, அதுதான். ஆனா வேர் இருக்கும், அதான் விஷயம். வெட்டுக்கிளி வேர தின்னாது.

என்னோட ஏழு வருஷம் எனக்கு என்ன விளைச்சல குடுத்துச்சுன்னு கேட்டா, வாசல்ல தயங்கி நிக்கிறவங்கள அவசரப்படுத்தாம இருக்க தெரிஞ்சுது. அப்பா இருந்திருந்தா அதுவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், இப்பவும் சொல்லுவேன். அப்பாவுக்கு அது ஈடு கிடையாது. அப்பாவுக்கு ஈடு உயிர்த்தெழுதல் மட்டும்தான், அதுக்குத்தான் காத்திருக்கேன்.

எபிரெயர் 6ஐ வாசிச்சா பயமா இருக்கு. "மறுதலித்துப்போனவர்கள்... கூடாதகாரியம்"னு இருக்கே?

இத கேக்குறவங்க எல்லாருமே ராத்திரி தூக்கம் வராமதான் கேக்குறாங்க, பகல்ல யாரும் கேட்டதில்ல. அந்த வசனம் கடினமானதுதான், வழவழன்னு பேசி மழுப்ப மாட்டேன், சபைக்கு சபை வேற வேற விளக்கம் இருக்கு. நான் ரெண்டு விஷயம் மட்டும் சொல்வேன். அந்த நிருபம் கிறிஸ்துவே வேண்டாம்னு பழைய பலிகளுக்கு திரும்பிப்போக நினைச்சவங்களுக்கு எழுதினது, ரட்சிப்புக்கு அவர விட்டா வேற வழி இல்லங்கிறதுதான் அதோட பாரம். அதே அதிகாரத்துல மூணு வசனம் தள்ளி, 9ஆம் வசனத்துல, "பிரியமானவர்களே"ன்னு கூப்பிட்டு உங்க விஷயத்துல நன்மையானத நம்பியிருக்கோம்னு எழுதுறாரு.

மன்னிக்கப்படாத பாவமும் அப்படித்தான். மத்தேயு 12ல இயேசு அத பத்தி சொன்னப்ப கேட்டுக்கிட்டிருந்தவங்க, கண்ணு முன்னாடி ஒருத்தன் குணமானத பாத்துட்டு அது பிசாசோட வேலைன்னு தெரிஞ்சே சொன்னவங்க, அவங்க ஒருத்தருக்கும் பயமே வரல. நீங்க பயப்படுறீங்க, திரும்பி வரணும்னு ஆசைப்படுறீங்க. அந்த ஆசைய உங்களுக்குள்ள யாரு வச்சாங்கன்னு யோசிச்சு பாருங்க.

நான் வெளிப்படையாவே மறுதலிச்சேன். வீட்டு நெருக்கடியில "நான் இனி கிறிஸ்தவன் இல்ல"ன்னு எழுதியே குடுத்தேன்.

நீங்க முதல் ஆள் இல்ல. கி.பி. 250ல ரோமப் பேரரசன் டீசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்கு பலி குடுக்கணும், குடுத்ததுக்கு சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னு ஆணை போட்டான். அந்த சர்ட்டிஃபிகேட்டுகள் சிலது எகிப்துல பாப்பிரஸ்ல எழுதினபடியே கிடைச்சிருக்கு. வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் பட்டணத்துல கிறிஸ்தவங்க கூட்டம் கூட்டமா போய் பலி குடுத்தாங்க, சிலர் பலி குடுக்காம காசு குடுத்து சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்கிட்டாங்க. உபத்திரவம் அடங்கினதும் திரும்பி வந்து வாசல்ல நின்னாங்க. ரோமாபுரில நோவாத்தியன்னு ஒரு மூப்பர் இவங்கள சேக்கவே கூடாதுன்னு பிரிஞ்சு போனாரு. கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் 251ல ஒரு சங்கம் கூட்டினாரு, சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கினவங்கள விசாரிச்சு சேத்துக்கலாம், பலியே குடுத்தவங்க நீண்ட காலம் மனஸ்தாபத்துல, அதாவது செஞ்ச பாவத்துக்காக மனசு வருந்துற தவத்துல, இருக்கட்டும்னு முடிவாச்சு. கொஞ்ச காலத்துல அடுத்த உபத்திரவம் வரப்போற மாதிரி தெரிஞ்சதும், மனஸ்தாபத்துல இருந்த எல்லாரையும் உடனே சேத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, யுத்தத்துக்கு போறவன நிராயுதபாணியா அனுப்பக்கூடாது, திருவிருந்து குடுத்து அனுப்பணும்னு. அந்த காரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும். முன்னாடி ஓடினவங்களுக்கே அடுத்த தடவ நிக்கிறதுக்கு பந்தி வேணும்.

இன்னொரு ஊர், ஜப்பான். அங்க கிறிஸ்தவம் தடை செஞ்சிருந்த காலத்துல நாகசாகி பக்கம் வருஷா வருஷம் ஆளுங்கள வரிசையில நிக்க வச்சு கிறிஸ்துவோட படத்தையோ மாதாவோட படத்தையோ காலால மிதிக்க சொல்லுவாங்க, மிதிக்காதவங்க கிறிஸ்தவங்கன்னு பிடிபடுவாங்க. மறைஞ்சு வாழ்ந்த விசுவாசிகள் மிதிச்சாங்க. வீட்டுக்கு வந்து மனஸ்தாப ஜெபம் ஒண்ண சொல்லி அழுவாங்க, அதுக்கு போர்த்துகீசிய வார்த்தை மருவி "கொஞ்சிரிசான்"னு பேரு. பாதிரியார் ஒருத்தர் கூட கிடையாது, பாவசங்கீர்த்தனம் கேக்க ஆள் இல்ல, வாய்வழியா அந்த ஜெபத்த பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுத்தாங்க, ஏழு தலைமுறைன்னு சொல்றாங்க. 1865 மார்ச் 17ஆம் தேதி நாகசாகில புதுசா கட்டின ஓவ்ரா கோயிலுக்கு உரகாமி கிராமத்துலருந்து கொஞ்ச பேர் வந்து, பெத்திஜான்கிற பிரெஞ்சு பாதிரியார் காதுல எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு மெதுவா சொன்னாங்க. இருநூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு வருஷமும் மிதிச்சு, ஒவ்வொரு வருஷமும் அழுது, கடைசில வந்து சேந்தாங்க. அதுக்கப்புறமும் அவங்களுக்கு கஷ்டம் தீரல, உரகாமி ஜனங்க 3000 பேருக்கு மேல சொந்த ஊர விட்டு ஜப்பானுக்குள்ளயே வேற வேற இடங்களுக்கு அனுப்பப்பட்டாங்க, 1873லதான் தடை விலகுச்சு.

நீங்க எழுதிக்குடுத்த அந்த பேப்பர் பெருசுதான், அத சின்னதாக்க மாட்டேன். உங்க ஆயரையோ நீங்க நம்புற ஒரு விசுவாசியையோ பாத்து வாயால சொல்லிடுங்க, உள்ளயே வச்சிருந்தா அது அழுகும்.

ஜெபம் வரல. உக்காந்தா வெறுமை. நான் என்ன தப்பு பண்றேன்?

தப்பே பண்ணாம இருக்கலாம். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில வானத்துலருந்து அக்கினி இறங்கினத பாத்த கொஞ்ச நாள்லயே வனாந்தரத்துல சூரைச்செடி அடியில படுத்து சாகணும்னு கேக்குறாரு. தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து தூங்க விட்டுட்டு, திரும்ப எழுப்பி திரும்ப சாப்பிட சொல்றான். சாப்பாடு, தூக்கம், சாப்பாடு, அப்புறம் 40 நாள் நடை, அதுக்கப்புறம்தான் ஓரேப் மலையில கர்த்தரோட அந்த அமர்ந்த மெல்லிய சத்தம்.

அதனால முதல்ல உடம்ப பாருங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்ல, பசி இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, செத்துடலாமான்னு தோணுதுன்னா அது டாக்டர்கிட்ட போக வேண்டிய விஷயம், தள்ளிப்போடாதீங்க, இன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க. மாத்திரை சாப்பிடுறது விசுவாசக் குறைவு கிடையாது. இத நான் சத்தமா சொல்லுவேன், ஏன்னா நம்ம ஆளுங்க இத பிசாசு பிடிச்சிருக்குன்னு சொல்லி மாசக்கணக்கா தாமதம் பண்ணினத நேர்ல பாத்திருக்கேன்.

ஜெபத்துக்கு, சொந்த வார்த்தை வராதப்ப கடன் வாங்குங்க. சங்கீதம் 88 இருக்கு, முழுக்க இருட்டு, கடைசி வரில கூட வெளிச்சம் வராது, அதயும் வேதாகமத்துல வச்சிருக்காங்க. எனக்கு நடந்தது வேற மாதிரி. எங்க தெருவுல ஒரு ஆச்சி இருந்தாங்க, கண்ணு ரொம்ப மங்கிப்போச்சு. சாயங்காலம் ஆனா "ஏளா, வந்து ஒரு அதிகாரம் வாசிச்சுட்டு போ"ன்னு கூப்பிடுவாங்க. மாட்டேன்னு சொல்ல மனசு வரல, போனேன். நம்பாமதான் வாசிச்சேன், ரெண்டு வருஷம், நியூஸ் பேப்பர் வாசிக்கிற மாதிரி. ஆச்சி ஒரு நாள் கூட நீ ஜெபிக்கிறியா, ஏன் உன் முகம் இப்படி இருக்குன்னு கேக்கல. வாசிச்சு முடிச்சதும் கருப்பட்டி காப்பி குடுப்பாங்க. ஒரு நாள் யோவான் 21 வந்துச்சு, "போஜனம்பண்ணுங்கள்"ங்கிற இடத்துல என் குரல் நின்னுபோச்சு, ஏன்னு தெரியல. ஆச்சி ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "மெதுவா வாசி, அவசரமில்ல"ன்னாங்க. அவ்வளவுதான் என் சாட்சி.

என்ன காயப்படுத்தினது சபைதான். அப்ப எங்க திரும்புறது?

கர்த்தர்கிட்ட திரும்புறதும் அந்த கட்டடத்துக்கு திரும்புறதும் ஒண்ணு கிடையாது. உங்கள தவறா தொட்டவங்க, உங்க காச ஏமாத்தினவங்க, உங்கள மேடையில நிக்க வச்சு அவமானப்படுத்தினவங்க இருக்கிற இடத்துக்கு மன்னிப்புங்கிற பேர்ல திரும்ப போகணும்னு யாராவது கட்டாயப்படுத்தினா போகாதீங்க. குற்றமா இருந்தா போலீஸ்ல சொல்றதும் சரிதான், அது சாட்சிய கெடுக்காது, குற்றம்தான் சாட்சிய கெடுத்தது.

ஆனா தனியாவே இருந்துடாதீங்க. கலாத்தியர் 6:1ல ஒருத்தன் குற்றத்துல அகப்பட்டா சாந்தமுள்ள ஆவியோட அவன "சீர்பொருந்தப்பண்ணுங்கள்"னு பவுல் எழுதுறாரு. மத்தேயு 4:21ல செபெதேயுவோட பிள்ளைங்க படகுல உக்காந்து வலையப் பழுதுபார்த்தாங்கன்னு வருதே, கிரேக்கத்துல ரெண்டு இடத்துலயும் ஒரே வினைச்சொல்தான். கடற்கரைப் பக்கம் வலை சரிபண்றத பாத்தவங்களுக்கு புரியும், அறுந்த வலைய யாரும் திட்ட மாட்டாங்க, மடியில போட்டு ஒவ்வொரு கண்ணியா கையால முடிச்சுப்போடுவாங்க, மணிக்கணக்கா. அப்படி உக்காருற பொறுமை உள்ள ரெண்டு பேர் கிடைச்சா அது போதும், பெரிய சபை தேவையில்ல. விழுந்தவங்களுக்கு எழுதின வசனமில்ல இது, நிக்கிறவங்களுக்கு எழுதினது, அத நம்ம மூப்பர்கள் கொஞ்சம் கவனிச்சா நல்லாருக்கும்.

ஊழியத்துல இருந்து விழுந்தவங்க திரும்ப ஊழியம் பண்ணலாமா?

மாற்கு ஊழியப் பயணத்துல பெர்கே பட்டணத்துல பவுல விட்டுட்டு எருசலேமுக்கு திரும்பினவர், அவரால பவுலும் கூட ஊழியம் பண்ணின பர்னபாவுமே பிரிஞ்சாங்க. கடைசில சிறையிலருந்து பவுல் "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா"ன்னு, அவர் தனக்கு பிரயோஜனமானவர்னு எழுதுறாரு. நடுவுல எத்தனையோ வருஷம், பக்கத்துல பர்னபா. அதனால உடனே மைக்க கையில குடுக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். பயந்து ஓடினவனும் பலவீனமானவங்கள சுரண்டினவனும் ஒண்ணில்ல, சுரண்டினவனுக்கு மன்னிப்பு உண்டு, மந்தை கிடையாது.

கடைசி வரைக்கும் அந்த வெளிச்சம் வரலன்னா?

இதுதான் எனக்கு கஷ்டமான கேள்வி. "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்று" பாட்ட லெந்து காலத்துல, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல, நாம எத்தனை தடவ பாடியிருப்போம். அதோட இங்கிலீஷ் மூலத்த எழுதின வில்லியம் கூப்பர் 1773ல மனசு உடைஞ்சு, தேவன் தன்ன கைவிட்டுட்டாருன்னு ஒரு கனவ நம்பி, 1800ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் அந்த எண்ணத்துலயே இருந்தாரு. அவருக்கு மனநோய் இருந்துச்சு, பல தடவ உயிர மாய்ச்சுக்க பாத்தாரு. போதகர் ஜான் நியூட்டன் அவருக்கு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்து பாத்துக்கிட்டாரு. கொல்கத்தா அன்னை தெரசா எழுதின கடிதங்கள் 2007ல வெளிவந்தப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது, அவங்க ஐம்பது வருஷத்துக்கு பக்கத்துல உள்ளுக்குள்ள இருட்டுல இருந்தாங்கன்னு.

கூப்பர் இழந்துபோனவர்னு என்னால நம்ப முடியல. அவரால பிடிச்சுக்க முடியல, அது உண்மை. ஆடு மேய்ப்பன பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றதா லூக்கா 15ல இல்லையே, தோள்ல போட்டுக்கிட்டு வர்றதா தானே இருக்கு. அந்த ஊற்ற அவரால ருசிக்க முடியாம போயிருக்கலாம், அவர் வெட்டி வச்ச வாய்க்கால்ல நாம இத்தனை பேர் குடிச்சிருக்கோம். சில பேருக்கு சீர்ப்படுத்துதல் கல்லறைக்கு அந்தப்பக்கம்தான் முழுசா கிடைக்கும், 1 பேதுரு 5:10ல "கொஞ்சக்காலம்"னு போட்டிருக்கு, அந்த கொஞ்சக்காலம் எவ்வளவுன்னு போடல. இத சொல்லும்போது எனக்கு சமாதானமும் இருக்கு, கோபமும் கொஞ்சம் இருக்கு, ரெண்டையும் அவர்கிட்டயே சொல்றேன்.

என் மகன் சர்ச்சுக்கு வர்றதே இல்ல. நான் என்ன பண்ண?

ஆச்சி பண்ணினத பண்ணுங்க. காப்பி குடுங்க, கேள்வி கேக்காதீங்க. அவன் பேர சொல்லி தினமும் ஜெபிங்க, அவன் காதுல விழுற மாதிரி ஜெபிக்காதீங்க.

சரி அக்கா, இன்னைக்கு ராத்திரி எங்க ஆரம்பிக்கட்டும்?

பெரிய தீர்மானம் ஒண்ணும் எடுக்காதீங்க, 40 நாள் உபவாசம் அது இதுன்னு. நல்லா சாப்பிடுங்க. யோவான் 21ஐ எடுத்து முதல் வசனத்துலருந்து 14 வரைக்கும் மெதுவா வாசிங்க, முடிஞ்சா சத்தமா, வீட்ல ஆள் இருந்தா முணுமுணுத்தாவது. கரையில நெருப்பு எரியுது, மீன் வெந்துக்கிட்டிருக்கு, அவர் கூப்பிடுறாரு. அதோட மூடி வச்சுட்டு தூங்குங்க. அந்த கேள்வி 15ஆம் வசனத்துலதான் வருது, அத நாளைக்கு வாசிச்சுக்கலாம்.